"என் படத்தை போர்டுல இருந்து எடுத்துரும்மா!" - ஒரு ஸ்டூடியோ வீட்டின் விளம்பரக் கதை

கோவில்பட்டியில் கடைகள் ஷட்டரை இறக்கும் நேரத்தில்தான் அந்த ஸ்டூடியோவின் விளம்பர வேலை தொடங்குகிறது. இரவு ஒன்பதரை மணி. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் தூங்கியாச்சு. நான்கு வயது மகன், "இன்னும் ஒரே ஒரு கதை" என்று முரண்டு பிடிக்கிறான். ஒரு கையால் அவனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, இன்னொரு கையில் போனை எடுக்கிறார் அம்மா. பகலெல்லாம் வந்து குவிந்த 'ரேட் என்னக்கா?' மெசேஜ்களுக்குப் பதில், நாளைக் காலை ஸ்டேட்டஸ், ஞாயிற்றுக்கிழமை ரீல்ஸ்... எல்லாம் இந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஸ்டூடியோக்கா'. இங்கேயும் அப்படியே இருக்கட்டும், பெயரும் வேண்டாம், கடைப்பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விளம்பரத்துக்காக ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர், சும்மா கிடைக்கிற விளம்பரத்தை ஏன் வேண்டாம் என்கிறார்? அதற்குப் பின்னால் ஓர் ஏழு வயதுப் பிள்ளையின் கோரிக்கை இருக்கிறது.

கண்ணாடிப் பெட்டிக் காலம்

கடையைத் தொடங்கியவர் அவருடைய மாமனார். 1980-களின் நடுவில், ஒரு சின்ன அறை, பின்னால் ஒரு டார்க் ரூம், உட்கார ஒரு ஸ்டூல், திரையில் வரைந்த மலையும் ஏரியும். அந்தக் காலத்தில் விளம்பரம் என்றால் மூன்றே மூன்று. போட்டோவைப் போட்டுக்கொடுக்கும் கவரில் அச்சடித்த கடைப்பெயர், படத்தின் முதுகில் குத்தும் ரப்பர் ஸ்டாம்ப், கடை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி.

அந்தப் பெட்டியில் ஊர்க்காரர்களின் முகங்கள் இருக்கும். மாலையும் கழுத்துமாகப் புதுப்பொண்ணு மாப்பிள்ளை, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளை, பட்டமளிப்பு கவுன் போட்ட பையன். செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "இது நம்ம மேலத்தெரு பிள்ளைல்லா!" என்பார்கள். அடுத்த மாதம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கும் ஆர்டர் வரும்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் டார்க் ரூம் ஸ்டோர் ரூம் ஆனது. எல்லோர் கையிலும் கேமரா போன் வந்ததும், வாசலில் நின்று பார்க்கிற கூட்டமும் போனது. மாமனாரின் மறைவுக்குப் பிறகு கடை மகன் கைக்கு வந்தது. கல்யாண ஆர்டர்கள் அவருக்கு. பி.காம் முடித்துவிட்டு மருமகளாக வந்தவர், முதலில் ஆல்பம் டிசைன் கற்றுக்கொண்டார். பிறகு கேமராவும் பழகி, குழந்தைகள் படம் எடுக்கத் தொடங்கினார். விளம்பரமும் அவர் பொறுப்பானது.

ஊரே சொன்ன 'வெண்ணெய் பாப்பா'

மகள் பிறந்தது 2017-ல். அடுத்த வருடம் கிருஷ்ண ஜெயந்திக்கு அவளுக்குக் கண்ணன் வேஷம் போட்டார்கள். தலையில் மயிலிறகு, மடியில் வெண்ணெய்ப் பானை, கன்னமெல்லாம் வெண்ணெய். இரண்டே பல் தெரிய அவள் சிரித்த அந்த ஒரு படம், கடையின் தலையெழுத்தை மாற்றியது.

பத்துக்கு எட்டில் பிளெக்ஸ் அடித்துக் கடை நெற்றியில் மாட்டினார்கள். விசிட்டிங் கார்டிலும் அதே படம். 2018-ல்தான் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இந்தியாவில் அறிமுகமாகியிருந்தது. அதன் முகப்பிலும் அதே படம். "ஸ்டூடியோ எங்க இருக்கு?" என்று கேட்டால், "அந்த வெண்ணெய் பாப்பா போர்டு இருக்குல்லா, அதுதான்" என்று ஆட்டோக்காரர்களே வழி சொன்னார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. பிறகு கல்யாணத்துக்கே 50 பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தபோது, ஆல்பம் ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. ஜூன் கடைசியில் டிக்டாக் தடையானது, ஜூலையில் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. வெளியில் ஷூட் இல்லை, வீட்டில் மகள் இருக்கிறாள். அவளை வைத்தே வீடியோ போடத் தொடங்கினார் ஸ்டூடியோக்கா. 2021-ல் மகன் பிறந்தான். அவனுடைய முதல் சிரிப்பு, முதல் குப்புற விழுதல், முதல் மொட்டை... எல்லாமே கடையின் பக்கத்தில் ஏறின.

"மாடலுக்குன்னு தனியா காசு கொடுக்க வேண்டாம். யார்கிட்டயும் கேட்கவும் வேண்டாம். நம்ம பிள்ளைதானேன்னு நினைச்சோம். அந்த நேரத்துல கடையைத் தாங்குனது அந்த வீடியோக்கள்தான். அதை நான் மறைக்க மாட்டேன்" என்கிறார்.

இடுப்பில் பிள்ளை, கழுத்தில் கேமரா

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடைக்கு ஆள் பிடிப்பது எப்படி இருக்கும் என்பதை, அவருடைய ஒரு நாளைப் பார்த்தாலே புரியும்.

காலையில் இருவரையும் கிளப்பிப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் அனுப்பினால் பத்து மணி. கைக்குழந்தை ஷூட் எல்லாமே பத்தரைக்குள் தொடங்கிவிடும். பால் குடித்த குழந்தை அந்த நேரத்தில்தான் அசந்து தூங்கும் என்பது ஒரு காரணம். பன்னிரண்டரைக்கு அங்கன்வாடியில் இருந்து மகன் வந்துவிடுவான் என்பது இன்னொரு காரணம். அவன் வந்துவிட்டால், வந்த குழந்தையின் கூடையில் இவன்தான் முதலில் ஏறி உட்காருவான். அப்போது, "ஏலே, இங்க வா" என்று கூப்பிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போவது ஆச்சியின் வேலை.

பிற்பகலில் எடிட்டிங். சாயங்காலம் வீட்டுப்பாடம். அந்த நேரத்தில் வரும் விசாரணைகளுக்கு உடனே பதில் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதற்காக ரேட், நேரம், கொண்டு வரவேண்டிய துணி ஆகியவற்றை முன்கூட்டியே டைப் செய்து வைத்திருக்கிறார். வாட்ஸ்அப் பிசினஸில் இருக்கும் 'குயிக் ரிப்ளை' வசதியில் ஒரே தட்டலில் போய்விடும். ராத்திரி பத்தரைக்கு மேல் வருகிற மெசேஜுக்கு, 'காலையில் பேசுகிறோம்' என்று தானாகவே பதில் போகும்.

"அந்த ஒரு செட்டிங் இல்லைன்னா நான் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதும் போனைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்று சிரிக்கிறார்.

'ஏய் வெண்ணெய்!'

2024 ஜூன். பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம். இரண்டாம் வகுப்புக்குப் போன மகள், சாப்பிடாமல் டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். கேட்டதற்குப் பதில் இல்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ராத்திரி, படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"எல்லாரும் என்னை 'ஏய் வெண்ணெய்'னு கூப்பிடுறாங்கம்மா. வேன்ல வர்றப்போ போர்டைக் காட்டிச் சிரிக்கிறாங்க. என் படத்தை போர்டுல இருந்து எடுத்துரும்மா."

பெரியவர்களுக்கு அது தெய்வ வேஷம். ஏழு வயதுப் பிள்ளைகளின் வேனில் அது வசவு வார்த்தை. பள்ளியில் போய்ச் சொன்னால் நான்கு நாள் அடங்கும். ஆனால், தினமும் காலையும் மாலையும் வேன் அந்த போர்டைத் தாண்டித்தானே போக வேண்டும்?

கணவரிடம் சொன்னபோது அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைங்க இன்னிக்குச் சொல்லும், நாளைக்கு மறந்துரும். அந்த போர்டுதான் நம்ம கடைக்கு அடையாளம். அடுத்த மாசம் ஆடி. கல்யாணம் ஒண்ணும் இருக்காது. ஆவணியில கிருஷ்ண ஜெயந்தி ஷூட்டை நம்பித்தானே இருக்கோம்? அந்த நேரம் பார்த்து கண்ணன் படத்தை இறக்கச் சொல்றே" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கேமரா லென்ஸுக்கு வாங்கிய கடன் தவணை மாதா மாதம் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டிய நேரம். வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லை.

ஆச்சி சொன்ன பழைய கதை

மூன்றாம் நாள் காலையில், தோசை சுட்டுக்கொண்டிருந்த ஆச்சி பேச்சை எடுத்தார்.

"ஏலே, உங்கப்பா கண்ணாடிப் பெட்டியில யார் படத்தையாவது கேட்காம வெச்சிருக்காகளா? வெச்ச பிறகும் வந்து எடுக்கச் சொன்னா, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்காகளா?"

ஒரு பெண்ணின் கல்யாணப் படம். நன்றாக வந்ததால் பெட்டியின் நடுவில் வைத்திருந்தார் மாமனார். கல்யாணம் ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. பெண் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் சேதி தெரிந்த அன்றைக்கே, கடை பூட்டிய பிறகு, மாமனார் பெட்டியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டார். அந்த வீட்டில் அடுத்தடுத்து நடந்த எல்லா விசேஷத்துக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

"ஊரார் பிள்ளைக்கே அப்படி. இது உம் பிள்ளைல்லா?" என்றார் ஆச்சி.

அன்று சாயங்காலம் ஏணி போட்டு ஏறியது கணவர்தான். மகள் பள்ளி வேனில் இருந்து இறங்கும்போது, போர்டு இருந்த இடத்தில் வெறும் இரும்புச் சட்டம்தான் இருந்தது.

முகமே இல்லாமல் ஒரு விளம்பரம்

அடுத்த இரண்டு மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் கடையைத் தாண்டிப் போய்விட்டு, போன் செய்து திரும்பி வந்தார்கள். பக்கத்தில் இருந்த குழந்தைகள் வீடியோக்களையும் எடுத்துவிட்டதால், இன்ஸ்டாகிராமில் பார்வைகள் சரிந்தன. விசாரணைகளும் குறைந்தன.

புது போர்டில் குழந்தை முகம் இல்லை. கடைப்பெயர், 'குழந்தைகள் படம், முன்பதிவு செய்து வரவும்' என்று ஒரு வரி, தூரத்தில் இருந்தே படிக்கிற அளவுக்குப் போன் நம்பர். கூகுள் மேப்பில் கடையின் முகப்புப் படத்தைச் சேர்த்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் லொகேஷன் அனுப்பினார்கள். வழி தவறுவது நின்றது.

ரீல்ஸில் என்ன போடுவது? ஸ்டூடியோக்கா, தன்னிடம் வந்த அம்மாக்கள் போனில் என்னென்ன கேட்டார்கள் என்று பழைய மெசேஜ்களை உட்கார்ந்து படித்தார். 'போட்டோ எப்படி வரும்?' என்று கேட்டவர்களைவிட வேறு கேள்விகள் கேட்டவர்கள்தான் அதிகம். துணியெல்லாம் துவைச்சதா? பால் கொடுக்கத் தனி இடம் இருக்கா? குழந்தை அழுதா அவசரப்படுத்துவீங்களா? ஏ.சி. குளிருமா? எங்க அத்தையும் கூட வரலாமா?

அதற்கான பதில்களையே வீடியோவாக எடுத்தார். வெந்நீரில் துணி அலசுவது, வெயிலில் காயப்போடுவது, பால் கொடுக்கத் திரை போட்ட மூலை, குழந்தை தூங்கும்வரை காத்திருக்கும் நாற்காலி. படங்கள் என்றால் ஒரு பிஞ்சுப் பாதம், கொலுசு, பாட்டியின் சுருங்கிய விரலைப் பிடித்திருக்கும் குட்டிக் கை. திருஷ்டி பட்டுவிடும் என்று குழந்தையின் முகத்தை வெளியில் காட்டத் தயங்கும் குடும்பங்கள் நம் ஊரில் இன்றும் நிறைய. அவர்களுக்கு இந்தப் படங்கள் பிடித்துப்போயின.

பழைய வாடிக்கையாளர்களையும் விடவில்லை. ஒவ்வொரு குழந்தையின் பிறந்த மாதத்தையும் நோட்டில் குறித்து வைத்திருந்தார். மொட்டை, காதுகுத்து, முதல் பிறந்தநாள் நெருங்கும்போது ஒரு வாழ்த்து மெசேஜ். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால், நம் நம்பரை அவர்கள் சேவ் செய்திருந்தால்தான் மெசேஜ் போய்ச்சேரும். அதனால் ஆல்பத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, "நம்ம நம்பரை சேவ் பண்ணிக்கோங்கக்கா" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

அந்த ஆவணியில், போர்டில் கண்ணன் படம் இல்லாமலேயே கிருஷ்ண ஜெயந்தி ஷூட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலும் பழையவர்கள், அல்லது அவர்கள் சொல்லி வந்தவர்கள். முந்தைய வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அடுத்த வருடம் அந்தக் குறையும் சரியானது. "இன்ஸ்டாவுல பழைய பார்வை இன்னும் வரல. ஆனா கடைக்குள்ள வர்றவங்க எண்ணிக்கை வந்துருச்சு. வாடகை அதுலதானே கட்டுறோம்" என்கிறார் கணவர்.

ஒரு கையெழுத்து, மூன்று கட்டம்

மகள் விஷயத்துக்குப் பிறகு கடையில் ஒரு சின்னப் படிவம் வந்தது. அதில் மூன்று கட்டங்கள். 'படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்', 'முகம் தெரியாமல் பயன்படுத்தலாம்', 'வேண்டாம்'. ஷூட் தொடங்கும் முன்பே அம்மா, அப்பா யாராவது ஒருவர் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். எதை டிக் செய்தாலும் ரேட் ஒன்றுதான். பிறகு மனசு மாறி எடுக்கச் சொன்னாலும், காரணம் கேட்காமல் எடுத்துவிடுவார்கள்.

இது வெறும் நல்ல மனசு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். 'நான் எடுத்த படம், நான் போடுவேன்' என்று ஸ்டூடியோக்காரர் சொல்ல முடியாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே சொல்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது.

"சட்டம்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எம் பொண்ணு சொன்னப்போ எனக்கு ஒண்ணு உறைச்சது. அவ படத்துக்கு சம்மதம் கொடுத்தது யாரு? நான். அதுல லாபம் யாருக்கு? எனக்கு. அப்ப அவ பக்கம் நின்னு பேச யாரு இருந்தா?" என்று கேட்கிறார் ஸ்டூடியோக்கா.

இப்போது வீட்டிலும் அதே விதிதான். மகள் சரி என்றால்தான் அவள் படம் ஸ்டேட்டஸில் போகும். இதுவரை இரண்டு முறை சரி என்றிருக்கிறாள். பலமுறை வேண்டாம் என்றிருக்கிறாள். மகனுக்கு இன்னும் கேட்டுச் சொல்லும் வயது வரவில்லை. அதனால் அவன் படம் போவதில்லை.

இன்னொன்றும் நடந்தது. போர்டிலும் கார்டிலும் போனிலும் இருந்த பிள்ளைகளுக்கு, வீட்டில் ஓர் ஆல்பம்கூட இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஊருக்கெல்லாம் ஆல்பம் போட்டவர்கள், ஆடி மாதத்தில் வேலை இல்லாத ஒரு வாரத்தில் உட்கார்ந்து, இருவருக்கும் ஆளுக்கொரு ஆல்பம் போட்டார்கள். வெண்ணெய்ப் படமும் அதில் இருக்கிறது. அதை மட்டும் மகள் விரும்பிப் பார்க்கிறாள். வீட்டுக்குள் அது வசவு இல்லை.

வீட்டுத் தொழில் செய்பவர்களுக்கு ஸ்டூடியோக்கா சொல்லும் ஐந்து விஷயங்கள்

1. விளம்பரத்துக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தில் அந்த வாரத்துக்கான நான்கு வீடியோக்களை எடுத்து வைத்துவிட்டால், தினமும் போனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

2. திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலை எழுதி வையுங்கள். அந்தக் கேள்விகளே உங்கள் அடுத்த வீடியோக்களும்கூட.

3. நம் ஊர்க் காலண்டரைப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை இருக்காது. அடுத்த மாத விசேஷத்துக்கான அறிவிப்பை அப்போதே தொடங்குங்கள்.

4. புது ஆளைத் தேடும் முன் பழைய ஆளை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்குக் காசு செலவில்லை.

5. உங்கள் பிள்ளையின் படத்தைப் போடும் முன், அந்தப் பிள்ளையின் பள்ளி வேனில் அது எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். கேட்கும் வயதென்றால் கேளுங்கள்.

போன மாதம் ஒரு குடும்பம் இரண்டாவது குழந்தையோடு வந்தது. முதல் குழந்தைக்கு 'வேண்டாம்' கட்டத்தில் டிக் போட்டவர்கள். இந்த முறையும் 'வேண்டாம்'தான். கூடவே அந்த அம்மா, தன் தங்கையையும் நாத்தனாரையும் அழைத்து வந்திருந்தார். அவர்கள் வீட்டிலும் கைக்குழந்தைகள்.

"வேண்டாம்னு டிக் போட்டவங்க படத்தை ஊர்ல யாரும் பார்க்கப் போறதில்ல. ஆனா அவங்கதான் நாலு வீட்டுல நம்மளைப் பத்திச் சொல்றாங்க" என்றபடி, படிவத்தைக் கோப்பில் சேர்க்கிறார் ஸ்டூடியோக்கா. பத்தரைக்குள் ஷூட்டைத் தொடங்க வேண்டும். பன்னிரண்டரைக்கு மகன் வந்துவிடுவான்.